இரண்டு முறை திரும்பிப் போன தூக்குவாளி

பெட்டி மேஜைமேல் இருந்தால் பேசுகிறது. படகில் ஏறினால் வாயை மூடிக்கொள்கிறது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரியாத விஷயம் எதுவானாலும் எனக்கு முதலில் கோபம் வரும், யோசனை அப்புறம்தான் வரும். அந்த வாரம் முழுக்கக் கோபமாகவே இருந்தேன்.

பெட்டி என்பது எங்கள் கம்பெனி செய்கிற அவசர அழைப்புக் கருவி. சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. நடுக்கடலில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. ஆபத்து என்றால் இதிலுள்ள சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். உள்ளே இருக்கிற ரேடியோ, படகு நிற்கிற இடத்தைச் சாட்டிலைட் வழியாக எங்கள் ஆபீசுக்கு அனுப்பும். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சிதம்பரம் மேல வீதியில் ஒரு ஜவுளிக் கடைக்கு மாடியில் இரண்டு அறை, நடுவில் ஒரு தடுப்பு. நான் தினமும் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி அங்கே போய் வருகிறேன்.

என் வேலை கர்னல். பெட்டி விழித்ததும் முதலில் எழுந்து உட்கார்ந்து, மற்ற புரோகிராம்களுக்கு எதை எப்போது கொடுப்பது என்று பார்த்துக்கொள்கிற அடிமட்ட மென்பொருள் அது. அதில் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தச் சின்னச் சின்ன ஹெல்ப்பர் ஃபங்ஷன்கள் எழுதி வைப்பேன். ரேடியோவை எடுக்க ஒன்று, திருப்பிக் கொடுக்க ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று. எல்லாவற்றையும் நானே பார்த்துப் பார்த்துச் செய்தேன். பயந்துபோனவன் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குவான், அத்தனை செய்தியும் போனால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று, முதல் அமுக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை அணைத்துப் போடும்வரை மற்றதைக் கண்டுகொள்ளாதபடி எழுதியிருந்தேன். அதற்கு ஞானசேகரன் சார் கை கொடுத்துப் பாராட்டினார். அவர்தான் கம்பெனி முதலாளி.

கடலில் சோதிக்கப் படகு வேண்டும் என்றபோது நான் கேட்டது என் தம்பி அருண்குமாரை. கிள்ளையில் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். நானும் அந்த வீட்டுப் பெண்தான். படித்து, கல்யாணம் ஆகிக் கடலூருக்கு வந்துவிட்டேன், அவன் கடலோடு நின்றுவிட்டான். அக்கா செய்த பெட்டி என்று அவனுக்கு ஒரே பெருமை. படகில் ஒரு பழைய வாக்கிடாக்கி இருந்தது. பேட்டரி செத்ததும் அதைக் கரையிலேயே போட்டுவிட்டான்.

"புது பேட்டரி வாங்கிப் போடேன்டா" என்றேன்.

"எதுக்குக்கா? அதான் ஒன் பெட்டி இருக்குல்ல."

இந்த ஒரு பதிலில்தான் என் தூக்கம் போனது. ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரத்தில் நின்று அவன் பொத்தானை அமுக்கிப் பார்த்தான். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. மறுபடி அணைத்துப் போட்டு அமுக்கினான். வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆழத்துக்குப் போகப்போகிறானாம். எல்லாரும் போகிறார்களாம், மீன் நன்றாகக் கிடைக்கிறதாம். அதற்குள் பெட்டியைச் சரிசெய்யாவிட்டால், என் தம்பி ஊமைப் பெட்டியை நம்பிக் கடலுக்குப் போவான்.

திங்கட்கிழமை பெட்டியை மேஜைக்குக் கொண்டுவந்து, சோதனை கேபிளைச் செருகி, பொத்தானை அமுக்கினேன். டிங் என்று செய்தி வந்தது. மறுபடி அணைத்துப் போட்டு அமுக்கினேன். டிங். என்னைக் கேலி பண்ணுகிற மாதிரியே இருந்தது.

"ஒங்க தம்பி சரியாத்தான் அமுக்கினாரா?" என்றார் ஞானசேகரன் சார்.

"பொத்தான அமுக்கத் தெரியாதவனா சார் கடலுக்குப் போறான்?" என்று கத்திவிட்டேன். சார் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை ஆன்டெனாவைச் சந்தேகப்பட்டேன். புதன்கிழமை உப்புக் காற்றைச் சந்தேகப்பட்டேன். பக்கத்து மேஜை அருள்மொழியையும் சந்தேகப்பட்டேன். அவள் ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். படகு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அனுப்புகிற புரோகிராம் அவள் எழுதியது. என் மாதிரியே அவளுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். "என் புரோகிராம் கோடு சரியா இருக்கு, வேணும்னா படிச்சிப் பாருங்க" என்றாள். படித்தேன். நறுக்கென்று நாலு வரி. ரேடியோவை எடுக்கிறாள், அனுப்புகிறாள், திருப்பிக் கொடுக்கிறாள். என்ன குறை சொல்வது? அப்படியே ரயிலேறினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே போன். அருண்குமார்.

"அக்கா, என் தூக்குவாளி ஒங்க வீட்ல நின்னுபோச்சு. வெள்ளிக்கிழமை சோறு கொண்டுபோகணும். நாளைக்கு வரும்போது எடுத்துட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி சுவேதா அதில் நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். அடுக்களை மேடையில் பார்த்தேன், இல்லை. அலமாரியில் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களில் இல்லை. ஏற்கெனவே கோபத்திலிருந்த எனக்கு இது வேறு.

"ஏங்க, இங்க ஒரு தூக்குவாளி இருந்துச்சே?"

என் கணவர் கதிர்வேல் டி.வி.யிலிருந்து திரும்பாமலே, "அதான் சவரியம்மாக்காவுது, நேத்தே குடுத்துட்டேனே" என்றார். "சும்மா குடுக்கக் கூடாதுன்னு கடையில அதிரசம் வாங்கி உள்ள போட்டுத்தான் குடுத்தேன்." பாராட்டு வேண்டும் போல ஒரு முகம்.

"சவரியம்மாக்காவுத நான் திங்கட்கிழமையே சுண்டல் போட்டுக் குடுத்துட்டேன்!"

அவர் இப்போது திரும்பினார். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சவரியம்மாள் அக்கா பக்கத்து வீடு. கேக் செய்தால் எங்களுக்கும் தூக்குவாளியில் வரும். ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஆமாம்மா, ரெண்டு தரம் வந்துச்சு. மொத நாளு சுண்டலு, மறுநாளு அதிரசம். நம்மகிட்ட ஒண்ணுதானே இருந்துச்சுன்னு ஒரு நிமிஷம் குழம்பினேன். அப்புறம் ஒங்க வீட்ல நம்மளுது வேற ஒண்ணு எப்பவோ நின்னிருக்கும்னு நெனச்சேன். திருப்பிக் குடுத்தா வாங்கித்தானே வெக்கணும்? இன்னிக்குக் காலையில என் தங்கச்சி புவனகிரிக்குப் போனா, அதுல சாப்பாடு கட்டிக் குடுத்துட்டேன்."

"அடியில பேரு வெட்டியிருக்குமே அக்கா. சுவேதான்னு."

"பாத்திரத்தைத் தூக்கி அடியில யாரும்மா பாக்குறா?" என்றார் அக்கா.

நியாயம்தான். நான் பார்க்கவில்லை, அவர் பார்க்கவில்லை, அக்கா பார்க்கவில்லை. எங்கள் ஊரில் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தராமல் யாரும் இருக்கமாட்டார்கள், வெறுமனேயும் தரமாட்டார்கள். அந்த நல்ல பழக்கத்தால்தான் தூக்குவாளி காணாமல் போயிருக்கிறது. நானும் என் கணவரும் அக்காவும் அவரவர் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தோம். இழந்தவன் இந்தக் கொடுக்கல் வாங்கலில் எங்குமே இல்லாத அருண்குமார். நாளை மறுநாள் அவனுக்குச் சோறு கொண்டுபோகப் பாத்திரம் இல்லை.

வாசலில் நின்றபடியே எனக்கு உறைத்தது. இதைத்தான் பெட்டியும் செய்கிறது.

மறுநாள் ரயிலில் உட்கார்ந்து லேப்டாப்பில் புரோகிராம் கோடைத் திறந்தேன். ரேடியோவை எத்தனை பேர் கையில் வைத்திருக்கிறார்கள் என்று கர்னல் ஒரு எண்ணிக்கை வைத்திருக்கும். எடுத்தால் ஒன்று கூடும், திருப்பிக் கொடுத்தால் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனால் யாருக்கும் வேண்டாம் என்று அர்த்தம், ரேடியோ தூங்கப் போய்விடும். பொத்தானை அமுக்கியதும் அவசர அழைப்பு புரோகிராம் ரேடியோவை எடுக்கிறது. எண்ணிக்கை ஒன்று. செய்தி வானத்துக்குப் போய்ச் சேரும்வரை அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் அருள்மொழியின் புரோகிராமும் எடுக்கிறது. இரண்டு. அவள் என் அனுப்புகிற ஹெல்ப்பரைக் கூப்பிடுகிறாள். என் ஹெல்ப்பர் செய்தியை ரேடியோவிடம் ஒப்படைத்துவிட்டு, அவளுக்குச் சிரமம் வேண்டாமே என்று, அவள் சார்பில் தானே ரேடியோவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஒன்று. பிறகு அவளும் திருப்பிக் கொடுக்கிறாள். பூஜ்யம். அவள் இரண்டாவது முறை கொடுத்தது அவளுடையதே அல்ல, அவசர அழைப்புடையது. செய்தி கிளம்புவதற்குள் ரேடியோ தூங்கிவிடுகிறது.

அப்படியானால் மேஜையில் மட்டும் எப்படிப் பேசியது? பரங்கிப்பேட்டை தாண்டும்வரை அது புரியவில்லை. புரிந்தபோது நெற்றியில் அடித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சோதனை கேபிள்! அதைச் செருகினால் கேபிளின் புரோகிராமும் ரேடியோவில் ஒரு கை வைக்கும். எண்ணிக்கை எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கும், பூஜ்யத்துக்குப் போகவே போகாது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தப்பு தெரியாது. நாங்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில்தான், அதாவது கடலில்தான், தெரியும்.

ஆபீசில் நுழைந்ததும் அருள்மொழிமேல் பாய்ந்தேன். அதைத்தான் முதலில் செய்தேன், மறைப்பதற்கில்லை.

"நீ ஏன் ரெண்டாவது தரம் குடுத்தே? ஹெல்ப்பரே குடுத்துடும்னு கீழ குறிப்பு எழுதியிருக்கேன்ல?"

"எடுத்தது நான். திருப்பிக் குடுக்க வேண்டியதும் நான்தானே? நீங்க ஏன் நடுவுல பூந்து குடுத்தீங்க?"

"ஒனக்கு உதவியாத்தான்!"

"அனுப்புன்னு பேரு வெச்சிருக்கீங்க. அனுப்பும்னுதான நெனப்பேன்? அனுப்பிட்டு என் கையில இருக்கறதப் புடுங்கிட்டும் போகும்னு நான் என்னா கனவா கண்டேன்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் கணவரும் அதிரசமும் கண்முன் வந்தார்கள். அவரும் உதவியாகத்தான் செய்தார். நாற்காலியை அவள் மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் இருவருமாக மாற்றிவிட்டோம். இனி அனுப்புகிற ஹெல்ப்பர் அனுப்பும், அவ்வளவுதான். ரேடியோவை எடுப்பவர் கையில் அவர் பேர் போட்ட ஒரு சீட்டு கிடைக்கும். திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் சீட்டையும் கொடுக்க வேண்டும், கொடுத்ததும் சீட்டு செல்லாது. யாரும் இரண்டு முறை கொடுக்க முடியாது, அடுத்தவருடையதைக் கொடுக்கவும் முடியாது. சீட்டு இல்லாமல் திருப்பிக் கொடுக்கும்படி யாராவது எழுதினால் அந்தப் புரோகிராம் உருவாகவே உருவாகாது. அடியில் எழுதிய குறிப்பை யாரும் படிக்க வேண்டிய அவசியமில்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டு அமுக்கினோம். டிங். அருள்மொழி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

சாயங்காலம் கிள்ளைக்குப் போய்ப் பெட்டியைக் கொடுத்தேன். தூக்குவாளி கதையைச் சொன்னதும் அருண்குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமாவ இனிமே எங்க வீட்டுப் பக்கம் விடாதக்கா. படகையும் யாருக்காவது அதிரசம் வெச்சிக் குடுத்துடுவாரு."

"சிரிச்சது போதும். நாளைக்கு முகத்துவாரம் தாண்டினதும் ஒரு தரம் அமுக்கு. எனக்கு வந்துச்சுன்னா நிம்மதி."

"சரிக்கா."

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் முகத்துவாரம் தாண்டியிருக்க வேண்டிய நேரம் வந்தது, போனது. செய்தி இல்லை. ஜவுளிக் கடையில் ஆள் நடமாட்டம் தொடங்கியது. செய்தி இல்லை. இன்னும் தப்பு இருக்கிறதா? சீட்டு முறையில் ஏதாவது விட்டுவிட்டோமா? அருள்மொழி டீ வாங்கி வந்தாள், ஆறிப்போய் ஆடை கட்டியது. அவன் போனுக்கு டவர் இல்லை. வந்துவிடு, ஒரே ஒரு செய்தி வந்துவிடு என்று வேண்டாத தெய்வமில்லை.

டிங்.

நான் எழுந்து குதித்தேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே குதித்தேன். அருள்மொழி கைதட்டினாள். ஞானசேகரன் சார் தடுப்புக்கு மேல் தலையை நீட்டி, "வந்துடுச்சா? சபாஷ்!" என்றார். திரையில் வரைபடம், அதில் சிவப்புப் புள்ளி.

அருள்மொழிதான் முதலில் கையை நிறுத்தினாள். "அக்கா, இது எங்கயோ தூரத்துல இருக்கு. முகத்துவாரம் இல்ல."

பார்த்தேன். நடுக்கடல்.

"மறந்துட்டு அங்க போய் அமுக்கியிருப்பாரு" என்றார் சார்.

"இருக்கலாம்" என்றேன். "இல்லாமலும் இருக்கலாம்."

சோதனைக்கு அமுக்கினாலும் இதே செய்திதான் வரும், உயிர் போகிற நேரத்தில் அமுக்கினாலும் இதே செய்திதான் வரும். ரேடியோவை யார் எடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பேர் வெட்டி வைத்த நான், இந்தப் பொத்தானுக்கு ஒரு பேரும் வைக்கவில்லை. அதைச் சும்மா அமுக்கிப் பார் என்று அவனிடம் சொன்னதும் நான்தான். திரையையே பார்த்தேன். இன்னொரு முறை வந்தாலாவது ஏதாவது புரியும். வரவில்லை. ஒரே ஒரு செய்திதான். பயந்தவன் ஒரு முறை அமுக்கிவிட்டுச் சும்மா இருப்பானா? அப்படியென்றால் சோதனைதான் போலிருக்கிறது. மனசு கொஞ்சம் ஆறியது.

ஆறிய மறுகணமே தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது முறை அமுக்கினால் போகாது. கண்டுகொள்ளாதே என்று எழுதி வைத்தவளே நான்.

கிள்ளைப் படகுச் சங்கத்தில் வாக்கிடாக்கியில் படகுகளோடு பேசுகிற கலியமூர்த்தி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எழிலரசி, நல்லா யோசிச்சிக்கோங்க" என்றார் சார். "டெஸ்டா இருந்தா ஊரே சிரிக்கும். அப்புறம் ஒருத்தனும் நம்ம பெட்டிய வாங்க மாட்டான்."

"சிரிக்கட்டும் சார்" என்றேன். "அண்ணே, அருண்குமார் படகுக்கு ஆபத்து. எடம் சொல்றேன், பக்கத்துல யாரு இருந்தாலும் அனுப்புங்க. ஆமாண்ணே, நிச்சயமாத்தான்."

நிச்சயமாக ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னேன்.

கிள்ளைத் துறைக்கு நானும் அருள்மொழியும் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தோம். சுவேதா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "டெஸ்ட்டுதானேக்கா? நீங்கதான அமுக்கச் சொன்னீங்க?" என்று கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். வெயில் சாய்ந்த பிறகு இரண்டு படகுகள் வந்தன. பின்னால் வந்த படகில் எஞ்சின் ஓடவில்லை. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பாதி மூழ்கின மாதிரி தாழ்ந்து வந்தது.

அருண்குமார் நனைந்து, உதடு வெளுத்து இறங்கினான். சுவேதா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். படகின் அடிப்பாகம் விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறிவிட்டதாம். கூடப் போன பையன் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தானாம்.

"முகத்துவாரத்துல அமுக்க மறந்துட்டேன்க்கா" என்றான் என்னிடம். "தண்ணி ஏறினப்பதான் அமுக்கினேன். அமுக்கினப்புறம் ஞாபகம் வந்துச்சு, ஐயையோ, அக்கா இத டெஸ்ட்டுன்னு நெனச்சிக்குமேன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, டெஸ்ட்டு இல்லன்னு ஒனக்குப் புரியணுமேன்னு விடாம அமுக்கினேன். அமுக்கிக்கிட்டே இருந்தேன். இவுங்க படகு கண்ணுல படற வரைக்கும் கைய எடுக்கல." வலது கையை நீட்டிக் காட்டினான். கட்டைவிரல் வீங்கி, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. "அத்தன தரம் அமுக்கினதுனாலதான ஒனக்குப் புரிஞ்சிச்சு?"

அருள்மொழி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. தம்பியின் கட்டைவிரலை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"ஆமாண்டா" என்றேன். "எல்லாமே வந்துச்சு."